கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு: சிறுதொழில் செய்யும் பெண்களுக்கான ஒப்பந்தச் சட்ட அடிப்படைகள்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றாக ஸ்பிரிங்வெளியில் சுயதொழில் செய்யும் பெண்களுக்காக நடத்தப்பட்ட கருத்தரங்கில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சட்டத்தைப் பற்றிப் பேச ஒரு வைத்தியரை ஏன் அழைத்தார்கள் என்று முன்வரிசையில் ஓர் அக்கா கேட்டது எங்கள் காதில் விழுந்தது. நியாயமான கேள்வி. எங்கள் சங்கத்தில் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். இந்த உரையை எழுதியதும் அவர்களில் இருவரிடம் காட்டித் திருத்திக்கொண்டோம். ஆனாலும் பேசவேண்டியது நாம்தான் என்று அவர்களே சொன்னார்கள். அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, கிளினிக்கில் நாங்கள் காண்பது. மற்றது, எங்கள் சொந்த அனுபவம். இரண்டையும் இன்று மறைக்காமல் சொல்லப்போகிறோம்.

கிளினிக்குக்குத் தலைவலி, தூக்கமின்மை, பிரஷர் என்று பெண்கள் வருகிறார்கள். மருந்து கொடுக்கிறோம், குறைவதில்லை. ஆறுதலாக இருந்து பேச்சுக் கொடுத்தால், வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில்தான் தலைவலி கூடுகிறது என்பது தெரிகிறது. அது லோன் காசு வாங்க ஆள் வரும் நாள். எங்கே கையெழுத்து வைத்தீர்கள், என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், "காட்டின இடத்துல வச்சோம் டொக்டர்" என்பார்கள். அந்த நோய்க்கு எங்கள் மருந்துப் பட்டியலில் மருந்து இல்லை. அதனால்தான் இங்கே வந்திருக்கிறோம்.

கொந்தரப்பு என்ற பழைய சொல்

ஒப்பந்தம் என்றால் நமக்குப் புதிய விஷயமில்லை. தோட்டத்தில் "கொந்தரப்பு" என்று சொல்கிறோமே, அது கொன்ட்ராக்ட் என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் பட்டு உருமாறியதுதான். நம்முடைய முன்னோர் கடல் கடந்து இந்த மலைக்கு வந்ததே ஓர் ஒப்பந்தத்தின் பேரில்தான். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்று அவர்களுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.

1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. அதன்படி வாய்ப்பேச்சில் வேலைக்குச் சேர்ந்தாலும் அது மாத ஒப்பந்தமாகக் கருதப்படும். முன்னறிவித்தல் கொடுக்காமல் தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அவருக்குச் சிறை. கடனைக் கட்டாத வியாபாரிக்குச் சிவில் வழக்கு, வேலையை விட்ட தொழிலாளிக்கு மறியல். ஒரே ஒப்பந்தச் சட்டத்துக்கு இரண்டு முகங்கள் இருந்தன.

அதற்கு மேல் "துண்டு" இருந்தது. பிரயாணச் செலவு, முற்பணம், அரிசி என்று பெரிய கங்காணியின் கணக்கில் கடன் ஏறிக்கொண்டே போகும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் கடதாசிதான் துண்டு. அடுத்த தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் தீராது, கடனோடு சேர்ந்து ஆளும் தோட்டம் மாறுவார். 1921 இல்தான் சட்டம் கொண்டுவந்து துண்டு முறையை ஒழித்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1924 இல், பதுளைக்கு ரயில் வந்தது. எங்கள் சங்கத்தின் நூறு ஆண்டுக் கதை தொடங்குவதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

இதைச் சொல்வது பழையதைக் கிளறி அழுவதற்காக அல்ல. நம் குடும்பங்களில் கடதாசி என்றாலே ஒரு பயம் உண்டு. "எழுதிக் கொடுக்காத, மாட்டிக்குவ" என்று எங்கள் அம்மாயி சொல்வார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் இன்று தொழில் செய்கிற நமக்கு எழுதாமல் இருப்பதுதான் ஆபத்து. ஏன் என்று பார்ப்போம்.

ஒப்பந்தம் என்றால் என்ன?

ஒருவர் ஒன்றைச் செய்வதாகச் சொல்கிறார், மற்றவர் அதை ஏற்கிறார், இருவரும் விளையாட்டுக்கல்லாமல் கட்டுப்படும் எண்ணத்தோடு பேசுகிறார்கள், இருவரும் 18 வயது நிறைந்த, சித்தசுவாதீனமுள்ள ஆட்கள், செய்யப்போவது சட்டத்துக்கு விரோதமானதல்ல. இவ்வளவும் சேர்ந்தால் அது ஒப்பந்தம். இலங்கையில் ஒப்பந்தங்களுக்கு அடிப்படை ரோமன்-டச்சுச் சட்டம். முத்திரை ஒட்டினால்தான் ஒப்பந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கல்யாண வீட்டுக்கு 200 சாப்பாட்டுப் பார்சல் தருவதாக நீங்கள் தொலைபேசியில் சொல்லி, அவர்கள் சரி என்றால் ஒப்பந்தம் பிறந்துவிட்டது.

பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் அல்லவா? அதுதான் எழுத்து. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, பொருள் விற்கும் ஒப்பந்தத்தை வைத்து நீதிமன்றம் போவதானால் மூன்றில் ஒன்று இருக்கவேண்டும்: வாங்குபவர் பொருளில் ஒரு பகுதியையாவது ஏற்றிருக்கவேண்டும், அல்லது விலையில் ஒரு பகுதியைக் கட்டியிருக்கவேண்டும், அல்லது அவர் கையெழுத்திட்ட எழுத்து இருக்கவேண்டும். ஆகவே ஓர்டர் எடுக்கும்போது முற்பணம் வாங்குங்கள். கேட்க வெட்கமாக இருக்கிறது என்கிறீர்கள். முற்பணம் கேட்பது அவமரியாதை அல்ல. அது உங்கள் ஒப்பந்தத்துக்கு உயிர் கொடுக்கிறது. வாங்கியதும் திகதி, தொகை, எத்தனை பார்சல், எந்த நாள் என்று எழுதிப் பற்றுச்சீட்டு கொடுத்து, அடிக்கட்டையில் அவரிடம் கையெழுத்தும் வாங்குங்கள். அதையே வட்ஸ்அப்பிலும் அனுப்பி, அவரிடமிருந்து "சரி" என்று ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது என்கிறது. அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு முன் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவோம். வாங்குமுன் என்ன செய்யப்போகிறோம், என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்று நாங்கள் நோயாளிக்கு விளக்கவேண்டும். விளங்காமல் வாங்கிய கையெழுத்து எங்கள் தொழிலில் கையெழுத்தே அல்ல. வியாபாரத்தில் உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. வாசிக்காமல் வைத்தாலும் கையெழுத்து உங்களைக் கட்டும். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது, சிங்களம் வாசிக்க வராது" என்று பிறகு சொல்லித் தப்புவது மிகக் கடினம். எனவே அந்த நான்கு கேள்விகளையும் நீங்களே கேளுங்கள்: நான் என்ன செய்யவேண்டும்? செய்யாவிட்டால் என்ன நடக்கும்? எப்போது, எப்படி விலகலாம்? இதைவிட வேறு வழி இருக்கிறதா? பதில் கிடைக்கும்வரை பேனாவைத் திறக்கவேண்டாம்.

கட்டாயம் எழுத்து வேண்டிய இடங்கள்

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நமக்கு வேண்டிய மூன்று விஷயங்கள் அதில் உண்டு.

முதலாவது, காணி. காணி விற்பனை, ஈடு, குத்தகை எல்லாம் பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படவேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு எழுதும் குத்தகைக்கும் இது பொருந்தும். டவுனில் கடை அறை ஒன்றை இரண்டு வருடத்துக்கு எடுத்து, சாதாரணக் கடதாசியில் எழுதி, பெரிய தொகையை முற்பணமாகக் கொடுத்திருந்தால், அந்த இரண்டு வருடத்துக்கு உங்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை.

இரண்டாவது, மற்றவர் கடனுக்குப் பிணை நிற்பது. "நான் பொறுப்பு" என்று வாயால் சொன்னது மட்டும் உங்களைக் கட்டாது. கையெழுத்திட்டால் கட்டும்.

மூன்றாவது, பங்கு வியாபாரம். முதல் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்டதானால் பங்கு ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும். ஆயிரம் ரூபா என்பது அந்தக் காலத்தில் பெரிய தொகை. இன்றைக்கு ஒரு தையல் மெஷினின் மோட்டர்கூட அந்தக் காசுக்கு வராது. ஆகவே இன்று சேர்ந்து தொழில் தொடங்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

இந்த மூன்றாவதில்தான் எங்கள் கதை வருகிறது.

மூவர் தொடங்கிய தையல் கடை

எங்கள் வகுப்பில் படித்த மூவர் 2019 இல் பதுளையில் பாடசாலைச் சீருடை தைக்கும் கடை ஒன்றைத் தொடங்கினோம். ஒருவர் வைத்தியர், மூன்று இலட்சம் போட்டார். ஒருவர் தன் நகைகளை அடகு வைத்து ஒன்றரை இலட்சம் கொண்டுவந்தார். மூன்றாமவரிடம் காசு இல்லை, கை இருந்தது. மூவரில் தையல் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். துணி வாங்குவதும் காசோலை எழுதுவதும் அவர் பொறுப்பு, ஏனென்றால் கடையில் எந்நேரமும் இருப்பவர் அவர். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்களுக்குள் கடதாசி எதற்கு? அதை அப்போது பெருமையாகவே சொன்னோம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடசாலை இல்லாவிட்டால் சீருடை இல்லை. கடனுக்கு எடுத்த துணி தட்டில் அடுக்கியபடி கிடந்தது. துணிக் கடைக்குப் பின்திகதியிட்டுக் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பி வந்தது. கணக்கில் பணமில்லை என்று தெரிந்துகொண்டு காசோலை கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்படி குற்றம். காசோலையில் இருந்த கையெழுத்து மூன்றாமவருடையது. எங்கள் மூவரில் கையில் ஒரு சதமும் இல்லாதவர் தலையில்தான் அந்தப் பயம் முதலில் விழுந்தது.

கடையை மூடுவோம், நட்டத்தைப் பிரிப்போம் என்று உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: மூவர் தலையிலும் மூன்று வேறு ஒப்பந்தங்கள் இருந்தன. நகை வைத்தவர், தான் தந்தது கைமாற்று, இலாபமோ நட்டமோ அது திரும்பி வரவேண்டும் என்று நினைத்திருந்தார். வைத்தியர், எல்லோரும் பங்காளிகள், நட்டத்தையும் பங்குபோடவேண்டும் என்று நினைத்திருந்தார். தைத்தவர், தன் உழைப்பே தன் முதல், ஒரு வருடமாகச் சம்பளம் எடுக்காமல் தைத்ததால் தன் பங்கு நட்டத்தை ஏற்கனவே கட்டியாகிவிட்டது என்று நினைத்திருந்தார். யாரும் பொய் சொல்லவில்லை. மூவரும் சொன்னது அவரவருக்கு உண்மை.

சட்டம் என்ன சொன்னது தெரியுமா? எழுத்து இல்லாததால் பங்கு ஒப்பந்தத்தைக் காட்டி எங்களுக்குள் ஒருவர் மீது ஒருவர் உரிமை கோருவது கடினம். ஆனால் துணிக் கடைக்காரர் எங்கள் மூவரையும் பங்காளிகள் என்று காட்டி வழக்குப் போடச் சட்டத்தில் இடமுண்டு. பங்காளியின் பொறுப்புக்கு எல்லையும் இல்லை. கடை முதலோடு முடிந்துவிடாது, சொந்தச் சொத்துவரை வரும். அதாவது எங்களைக் காப்பாற்ற ஒப்பந்தம் இல்லை, எங்களைப் பிடிக்க ஒப்பந்தம் இருந்தது.

மூன்று வருடங்களாக மூவரும் பேசிக்கொள்ளவில்லை. இடையில் தவணை தவறி நகை ஏலத்தில் போய்விட்டது. கடைசியில் எங்கள் பழைய மாணவியான சட்டத்தரணி ஒருவர் மூவரையும் கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு தாளைக் கொடுத்தார். "2019 இல் என்ன பேசினீர்கள் என்று தனித்தனியே எழுதுங்கள், மற்றவர் தாளைப் பார்க்காதீர்கள், டெஸ்ட் மாதிரி" என்றார். எழுதி முடித்து மாற்றி மாற்றி வாசித்தபோது மூவருக்கும் அழுகை வந்தது. பிறகு ஓர் உடன்படிக்கை எழுதினோம். மெஷின்கள் தைத்தவருக்கு. துணிக் கடன் வைத்தியருக்கு. நகைக்காரருக்கு ஒன்றரை இலட்சத்தை மற்ற இருவரும் தவணையில் கட்டவேண்டும். கடைசித் தவணை போன வருடம் கட்டி முடிந்தது. நகை திரும்பவில்லை. ஒன்றரை இலட்சத்துக்கு இன்று அந்தச் சங்கிலியில் பாதிகூட வாங்க முடியாது.

இந்தக் கதையில் பெரிய பிழை யாருடையது? படித்தவர், உத்தியோகம் உள்ளவர், ஒரு கடதாசி எழுதுவோம் என்று சொல்லக்கூடிய இடத்தில் இருந்தவர் வைத்தியர்தான். சொன்னால் சிநேகிதிகள் தப்பாக நினைப்பார்களே என்று சொல்லவில்லை. மற்ற இருவரிடமும் அனுமதி கேட்டுத்தான் இன்று இதைச் சொல்கிறோம். "சொல்லு, மத்தவங்களாவது எழுதட்டும்" என்று இருவரும் சொன்னார்கள்.

பங்கு ஒப்பந்தத்தில் எழுதவேண்டியவை ஏழு: யார் யார், யார் எவ்வளவு முதல் (காசா, பொருளா, உழைப்பா), அது முதலா கடனா, இலாபமும் நட்டமும் எந்த விகிதம், யாருக்குச் சம்பளம், காசோலையில் எத்தனை பேர் கையெழுத்து, ஒருவர் விலகினால் அல்லது இறந்தால் என்ன. கொப்பியில் ஒரு பக்கம் போதும். எல்லோரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது வருகிற சண்டை சின்னச் சண்டை. எழுதாவிட்டால் பிறகு வருவது பெரியது.

கடன், பிணை, புரோநோட்டு

தொழிலுக்குக் கடன் வேண்டியதுதான். ஆனால் வட்டியைக் கணக்குப் பார்த்து வாங்கவேண்டும். ஓர் இலட்சம் கடன், வருடத்துக்கு 24 சதவீதம், 12 மாதத் தவணை என்கிறார்கள். முழுத் தொகைக்கும் முழு வருடத்துக்கும் வட்டி போட்டால் 24,000 ரூபா வரும். மாதம் 10,333 ரூபா கட்டவேண்டும். ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். ஆறாம் மாதம் உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய அரை இலட்சம்தான். வட்டியோ ஓர் இலட்சத்துக்கு ஓடுகிறது. உண்மையான வட்டி 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. எனவே "குறைந்து செல்லும் மீதிக்கா வட்டி, முழுத் தொகைக்கா?" என்று கேளுங்கள். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதலிலேயே எவ்வளவு வெட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள்.

தனியாரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்குகிறவர்களுக்கு 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கப் பணம் கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டம் நல்ல துணை. கடனுக்காக வாங்கும் புரோநோட்டில் உண்மையில் கொடுத்த தொகை, முன்கூட்டியே கழித்த வட்டி அல்லது கட்டணம், வருட வட்டி வீதம் ஆகியவை தனித்தனியே எழுதப்பட்டிருக்கவேண்டும். தொகையை வெற்றாக விட்டுக் கையெழுத்து வாங்குவது குற்றம். "சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்க, நான் பிறகு நிரப்பிக்கிறேன்" என்று யாராவது சொன்னால், அவர் உங்களிடம் கேட்பது சட்டம் தடுத்த ஒன்றை. வெற்றுக் காசோலைக்கும் இதே எச்சரிக்கைதான்.

பிணை பற்றி ஒரு வார்த்தை. குழுக் கடனில் ஐந்து பேர் ஒருவருக்கொருவர் பிணை. ஒருத்தி ஊரைவிட்டுப் போனால் மற்ற நால்வர் கட்டவேண்டும். முதலில் கடன்காரரிடம் கேட்டு, அவரிடம் இல்லாவிட்டால்தான் பிணைகாரரிடம் வரவேண்டும் என்ற பாதுகாப்பு ரோமன்-டச்சுச் சட்டத்தில் உண்டு. ஆனால் அச்சடித்த படிவங்களில் அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரியைத் தேடுங்கள். பிணை நிற்பதென்றால், அந்தக் கடனை நீங்களே வாங்கியதாக நினைத்துப் பாருங்கள். கட்ட முடியும் என்றால் மட்டும் கையெழுத்து வையுங்கள்.

முச்சக்கர வண்டி லீசிங்கும் இப்படித்தான். கடைசித் தவணை முடியும்வரை வண்டி உங்களுடையதல்ல, நிறுவனத்துடையது. தவணை தவறினால் என்ன செய்வார்கள் என்ற பகுதியை முதலில் வாசியுங்கள்.

கல்யாணமான சகோதரிகளுக்கு இன்னொன்று. 1923 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கத் திருமணமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டத்தின்படி, கணவரின் சம்மதம் இல்லாமலே நீங்கள் சொத்து வாங்கலாம், விற்கலாம், ஒப்பந்தம் செய்யலாம். வடக்கில் தேசவழமைக்கு உட்பட்ட பெண் காணியை விற்பதானால் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். மலையகத் தமிழர் பொதுச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள், நமக்கு அந்தத் தடை இல்லை. இதன் மறுபக்கம்: கணவரின் கடன் உங்கள் கடன் அல்ல, நீங்களும் கையெழுத்திட்டிருந்தாலொழிய. "வீட்டுக்காரர் சொன்னாரு, வச்சேன்" என்பது பதிலாகாது.

கடன் கொப்பி

லயத்தில் சின்னக் கடை நடத்தும் அக்காமார் கடன் கொப்பி வைத்திருப்பீர்கள். சம்பள நாளுக்குக் கொஞ்சம் கட்டுவார்கள், மீதி நிற்கும். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் என்ன சொல்கிறது? கடையில் கடனுக்குக் கொடுத்த சாமானுக்கும், செய்து கொடுத்த வேலைக்கும் ஒரு வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம். எழுத்திலான ஒப்பந்தத்துக்கும் புரோநோட்டுக்கும் ஆறு வருடம். ஆக, உங்கள் கொப்பியில் இரண்டு வருடமாக நிற்கும் கடன் நீதிமன்றத்தில் நிற்காது.

இதற்கு வழி உண்டு. ஒவ்வொரு மாதமும் மீதியைக் கூட்டி, "இன்ன திகதியில் இவ்வளவு தரவேண்டியிருக்கிறது" என்று எழுதி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பகுதியைக் கட்டினாலும், கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் காலக்கணக்கு அங்கிருந்து மறுபடி தொடங்கும். பகைக்காமல் செய்யக்கூடிய காரியம் இது.

பதிவும் வேலையாட்களும்

உங்கள் சொந்தப் பெயரல்லாத பெயரில் தொழில் செய்தால் அந்தப் பெயரைப் பதிய வேண்டும். பிரதேச செயலகத்தில், கிராம உத்தியோகத்தரின் அறிக்கையோடு விண்ணப்பிக்கலாம். பதிவு இருந்தால் வங்கியில் தொழில் பெயரில் கணக்குத் திறக்கலாம், பெரிய இடங்களுக்குச் சாமான் கொடுக்கலாம். தோட்டத்தில் இருப்பவருக்கு வரும் சிக்கல் இடம். லயக் காம்பிராவுக்கு உங்களிடம் உறுதி இல்லை. இட அத்தாட்சி கேட்டால் தோட்ட நிர்வாகத்திடம் சம்மதக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். துரை வாயால் சொன்னது அடுத்த துரை வந்ததும் போய்விடும். இன்னொரு சிக்கல் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்று நம்மில் பலருக்கு இருக்கிறது. ஒப்பந்தம் எழுதப் போகுமுன் அதைச் சரிசெய்யுங்கள்.

பெயரைப் பதிந்தால் கடன் பொறுப்பு குறையாது. கடையின் கடன் உங்கள் சொந்தக் கடன்தான். தொழில் வளர்ந்து பொறுப்பைத் தனியாக்க வேண்டுமென்றால் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் ஒருவரே பங்குதாரராக இருந்தும் கம்பனி தொடங்கலாம்.

ஒரேயொரு பிள்ளையை வேலைக்கு வைத்தாலும் சேமலாப நிதி கட்டவேண்டும்: ஊழியரின் 8 சதவீதம், உங்களுடைய 12 சதவீதம். அதோடு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 சதவீதம், அதுவும் நீங்கள். "நம்ம புள்ளதானே" என்று இதை விடாதீர்கள். கொழுந்து பறித்த நம் தாய்மாருக்கு வயதானபின் கையில் வந்த பெரிய காசு அந்த நிதிதான். நாம் முதலாளியானதும் அதை மறக்கலாமா?

பிணக்கு வந்தால்

நேரே வழக்குக்கு ஓடவேண்டாம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் நீதிமன்றம் போகுமுன் அங்கேதான் போகவேண்டும். சட்டத்தரணி தேவையில்லை, நீங்களே பேசலாம். அங்கே உங்கள் பற்றுச்சீட்டும் கொப்பியும்தான் உங்களுக்காகப் பேசும். வசதியில்லாதவர்களுக்கு 1978 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. தயங்காமல் கதவைத் தட்டுங்கள்.

அரச அலுவலகத்தில் தமிழில் கேளுங்கள். 1988 இல் வந்த 16 ஆவது திருத்தம் அந்த உரிமையை அரசியலமைப்பில் எழுதி வைத்திருக்கிறது. வங்கியிலும் கம்பனியிலும் தமிழ்ப் பிரதி கேளுங்கள். இல்லை என்றால் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்து நாளைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். ஒரு நாள் பொறுக்க முடியாத ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தமாக இருக்காது. வாசித்துச் சொல்ல ஆள் இல்லையா? ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை பாடசாலை மண்டபத்தில் எங்கள் சங்கத்தினர் இருவர் இருப்பார்கள். கடதாசியைக் கொண்டு வாருங்கள். கையெழுத்து வைக்குமுன் கொண்டு வாருங்கள்.

நிறைவாக ஒன்று. எங்கள் அம்மாயி இந்த மலையில்தான் கொழுந்து பறித்தார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பெருவிரலை மையில் தோய்த்து வைப்பார். வீட்டுக்கு வந்து சாம்பல் போட்டு அந்த விரலைத் தேய்த்துக் கழுவுவார். மை போகும்வரை சோற்றில் கை வைக்கமாட்டார். அவர் பேத்திகளை நம் பாடசாலை எழுதப் படிக்க வைத்தது. அந்த எழுத்தை நாம் வேலை விண்ணப்பத்துக்கும் கல்யாண அழைப்பிதழுக்கும் பயன்படுத்தினோம். சிநேகிதிகளோடு தொழில் தொடங்கியபோது மட்டும் பயன்படுத்தவில்லை.

அந்த மூவரில் தைத்தவர் இன்று மறுபடி தைக்கிறார். போன மாதம் இந்த நூற்றாண்டு விழாச் சேலைகளுக்கு ரவிக்கை தைக்க ஓர்டர் கொடுத்தோம். முற்பணம் கேட்டார். பற்றுச்சீட்டு எழுதி, அடிக்கட்டையை எங்கள் பக்கம் திருப்பி, "இங்க ஒரு கையெழுத்து வைங்க டொக்டர்" என்றார். வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தோம்.